மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: லாக் பின் விஷயம்

வணக்கம் உறவுகளே. புழுதி உழவு தொடங்கிவிட்டது, கலப்பையைக் கழற்றுவதும் ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகள் உள்ள உழவுக் கருவி) மாட்டுவதுமாக எல்லாரும் அவசரத்தில் இருப்பீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் உச்சிப்புளிப் பக்கம் உழும்போது கருவேல முள் கட்டை ஒன்று என் டிராக்டரின் இடது கீழ் லிங்க்கில், அதாவது பின்னால் கருவியைத் தாங்கும் இரண்டு கீழ்க் கைகளில் ஒன்றில், லாக் பின் வளையத்தில் மாட்டி இழுத்துவிட்டது. கருவியை லிங்க்கோடு பிணைக்கும் பெரிய பின் நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம் வைத்த சின்னப் பின்தான் லாக் பின். பத்தடி போவதற்குள் பெரிய பின் நழுவி, கலப்பை சாய்ந்து டயரில் உரசியது. நல்லவேளை, ரோட்டவேட்டர் மாட்டவில்லை.

வளையத்தை மடக்கும்போது 'டக்' என்று ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்க வேண்டும். நம் உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்துத் தொளதொளத்துவிடும், அப்படி ஆனால் தூக்கிப்போடுங்கள், புதுசு ஒரு டீ வடைக் காசுதான். அதற்குப் பதிலாக ஆணியும் கட்டுக்கம்பியும் வேண்டவே வேண்டாம், குலுங்கிக் குலுங்கி அறுந்துவிடும்.

இன்னொன்று, சின்ன டிராக்டர்களில் வரும் ஒன்றாம் வகை (கேட்டகிரி 1) மூன்று புள்ளி இணைப்பில் கீழ் லிங்க்கின் பெரிய பின் 22 மி.மீ., மேலே நடுவில் உள்ள டாப் லிங்க்கின் பின் 19 மி.மீ. தடிமன். சின்னதைக் கீழே போட்டாலும் நுழையும், ஆனால் ஆடி ஆடி ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடும்.

மாட்டும்போது கருவி தரையில் இருக்கட்டும், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். அப்புறம், ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள், ஒரு கம்பியை விடுங்கள்.

உபரி லாக் பின் நாலு என் டூல் பாக்ஸில் இருக்கிறது, அவசரமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.