பால் பாக்கெட்டின் மூலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு முறை சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு உட்காராதே. இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். பெங்களூர் பனியும் தூசியும் உனக்கு ஆகாது.

நீ கொடுத்தனுப்பிய பழைய லேப்டாப்புக்குப் பள்ளிக்கூடத்தில் ராஜ மரியாதை. நாலாவதும் ஐந்தாவதும் சேர்த்துப் பதினேழு பிள்ளைகள், ஒரே லேப்டாப். அதில் நீ ஏற்றி வைத்திருந்த ஸ்கிராட்ச்சை, திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கி விளையாட்டு செய்யும் அந்த மென்பொருளை, முதல் மாதம் நான் தொடவே இல்லை. அடுத்த வருடம் ஓய்வுபெறப் போகிறவளுக்கு இது எதற்கு என்று இருந்தது. பிள்ளைகள் விடவில்லை. அதில் வரும் ஆரஞ்சுப் பூனைக்கு உன் பெரிய அத்தையின் பெயரை வைத்திருக்கிறார்கள். நடை அப்படியே இருக்கிறதாம். அத்தை காதில் போட்டுவிடாதே.

இப்போது குப்பை பிரிக்கும் விளையாட்டு ஒன்றை அவர்களே செய்கிறார்கள். மேலே இருந்து வாழைப்பழத் தோல், பால் பாக்கெட், தீர்ந்துபோன பென்சில் பேட்டரி எல்லாம் விழும். கீழே மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி, பேட்டரி, ஊசி மாதிரியானவற்றுக்குத் தனியாக ஒரு பெட்டி. விழுவது எதுவோ அதற்குரிய தொட்டியை நகர்த்திப் பிடித்தால் ஒரு மதிப்பெண். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, உன்னை மாதிரியே பதில் தெரிந்தாலும் கை தூக்காதவள், செய்த விளையாட்டில் தோல் தொட்டிக்குள் சரியாக விழுந்தது, மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. இரண்டு நாள் அவளும் நானும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். "தொட்டியைத் தொடுகிறதா" என்று கேட்கும் கட்டையை, விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடிக்கு நேர் கீழே மாட்டியிருந்தாள். கொடியை அழுத்தியதும் அது ஒரே ஒரு முறை பார்க்கிறது. தோல் அப்போது உச்சியில்தானே இருக்கும்? தொடவில்லை என்று தெரிந்துகொண்டு நின்றுவிடுகிறது. அதை 'ஃபார்எவர்' என்ற கட்டைக்குள் வைத்த பிறகுதான் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அதற்கு ஓயாத கட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது "எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா" என்று கேட்டேன். "இருக்கிறதும்மா" என்றாய். நானும் அதோடு விட்டுவிட்டேன். சரி, அது கிடக்கட்டும்.

ஸ்கிராட்ச் திரையின் நடுவில் பூஜ்யம். வலது பக்கம் 240 வரை போகிறது, இடது பக்கம் மைனஸ் 240 வரை. இவர்கள் பாடத்தில் மைனஸ் எண் இன்னும் வரவில்லை. கரும்பலகையில் சொன்னேன், ஏறவில்லை. கஜா புயலில் வேப்பமரம் சாய்ந்த இடத்தில் இப்போது கைப்பந்து விளையாடுகிறார்கள், அங்கே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு சவுக்குக் கம்பு, சித்தப்பா கொடுத்த பழைய மீன்வலை, அவ்வளவுதான் மைதானம். பெண்களுக்கு வலை 2.24 மீட்டர் உயரம் என்பது விதி. இவர்களுக்கு அது வானம், அதனால் என் நெற்றி உயரத்துக்குக் கட்டச் சொன்னேன். வலைக்கு நேர் கீழே பூஜ்யம், இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, அந்தப் பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று காலடி வைத்துக் காட்டினேன். புரிந்தது. ஆனால் "நாங்கள் மட்டும் எதற்கு மைனஸ்?" என்று அந்தப் பக்கத்துப் பயல்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். செட் முடிந்ததும் பக்கம் மாறுவீர்கள் அல்லவா, அப்போது நீங்கள் பிளஸ் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆட்டத்தில் ஒரே தொல்லை. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால் அக்கா எடுப்பாள் என்று தம்பியும், தம்பி எடுப்பான் என்று அக்காவும் நிற்பார்கள். பந்து பொத்தென்று விழும். பிறகு ஒருவரை ஒருவர் முறைப்பார்கள். "வாயைத் திறந்து 'எனக்கு' என்று கத்துங்கள்" என்று தினமும் என் தொண்டைதான் போகிறது.

வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். "என் மகள் அனுப்பியது, என் மகள் அனுப்பியது" என்று மூன்று தடவை சொன்னேன். அந்த மகள்தான் என் பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தியும் கை கூப்பிய படமும் அனுப்பினாள். மாப்பிள்ளை மூன்று ஞாயிறாக ஆபீசில் இருக்கிறார் என்கிறாய். வேலை அப்படி இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை. வீடியோவில் உனக்குப் பின்னால் சுவர் வேறு நிறமாகத் தெரிகிறது. வெள்ளை அடித்திருக்கிறீர்கள் போல. புது பெயிண்ட் வாசனை இளைப்பைக் கிளப்பும், ஜன்னலைத் திறந்து வை. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.

போன வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கிறோமே, அந்த முக்கோணத் துணுக்கு. பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. விரல் நகம் அளவுதான், தூய்மைக் காவலர் அக்காவின் கையில் சிக்காது. சாக்கடைக்குப் போகும், இல்லையென்றால் ஆட்டின் வயிற்றுக்கு. மூலையை முழுவதும் வெட்டாமல் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால் பாக்கெட்டோடு சேர்ந்தே போய்விடும். இதைச் சொல்லிவிட்டு, வீட்டு வாசலிலும் தெருவிலும் கிடக்கிற மூலைகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். ஒரு தீப்பெட்டி நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள்.

அந்தத் தீப்பெட்டியைப் பார்த்த பிறகு எனக்கு அன்று பாடம் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி மணி உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் முழுவதும் பெருக்கி, சருகோடு பிஸ்கெட் தாள், பால் பாக்கெட், பேனா ரீஃபிள் எல்லாவற்றையும் கழிப்பறைக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவோம். பள்ளி சுத்தமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டாத அதிகாரி இல்லை. டீச்சர் மகள் என்று உனக்குச் சலுகை கொடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தீப்பெட்டி வேலையை உனக்கே கொடுத்தேன். நீ இருமினாய். "நடிக்காதே" என்றேன். பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

நாலாவது படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உனக்கு மூச்சு வாங்கி, கடைசி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அங்கே டாக்டர் என்னைக் கேட்டார்: "பிள்ளை புகையில் நிற்கிறதா?" அப்பா வெளியே சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். "இல்லை சார், வீட்டில் கேஸ் அடுப்புதான்" என்று சொன்னேன். பொய் சொன்னேன் என்றுகூட இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன், இத்தனை வருடம். உன் முடியில் அப்போதும் பிளாஸ்டிக் எரிந்த வாடை இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை உன்னை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வேறு ஒரு பிள்ளையிடம் தீப்பெட்டியைக் கொடுத்தேன். நிறுத்தவில்லை. 2016-இல் திடக்கழிவு விதிகள் வந்து, திறந்த வெளியில் குப்பையை எரிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும் என்று அன்று சொன்னார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வந்து மறுநாள் பிள்ளைகளுக்கு நடத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

இதை எழுத நினைத்து உட்காரவில்லை. வேறு ஒன்று கேட்க நினைத்தேன்.

அப்பா கூப்பிடுகிறார். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே. இன்ஹேலர் தீரும் முன்பே இன்னொன்று வாங்கி வை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இந்தத் தடவை பார்சலைப் புது முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாய், கதவு எண்ணை எழுத மறந்துவிட்டாய். முறுக்குக்கு அரிசி ஊறப்போட வேண்டும். ஒருவருக்கா, இரண்டு பேருக்கா என்று மட்டும் சொல்.