பில்லில் ஹீட் நம்பர் வேண்டும்

ஏற்றுமதி, இறக்குமதிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காபன் வரி (இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியேறிய காபனுக்கான கட்டணம்) 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் தொடங்கியது நீங்கள் அறிந்ததே. மட்டக்களப்பு, அம்பாறைப் பட்டறைகள் உங்களிடம் காபன் விவரம் கேட்டதற்கு, "ஆலைச் சான்றிதழில் காபன் போட்டிருக்கிறதே" என்று பதில் வந்திருக்கிறது. ஐயா, அந்தச் சான்றிதழில் உள்ள 0.20 வீதம் இரும்புக்குள் இருக்கும் காபன். ஐரோப்பாவில் வாங்குபவர் கேட்பது அதை உருக்கும்போது புகையாய்ப் போனதை.

கேற், கைபிடிச் சட்டம் (சுங்கக் குறியீடு 7308), போல்ட் நட்டு (7318) எல்லாம் இந்த வரிக்குள் வருகின்றன. பட்டறையின் வெல்டிங் மின்சாரம் கணக்கில் இல்லை. எல்லாம் வாங்கிய இரும்பில்தான் தங்கியிருக்கிறது. தாதிலிருந்து இரும்பெடுக்கும் ஊதுலை வழியில் ஒரு தொன் உருக்குக்கு ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் நேரடிப் புகை பெரும்பாலும் அரைத் தொன்னுக்கும் குறைவு. வெட்டுத் துண்டும் சேரும்: 1,000 கிலோ கேற்றுக்கு 1,150 கிலோ வெட்டினால் 1,150 கிலோவுக்கும் கணக்கு.

கொழும்பில் இறங்கும் இரும்புக் கட்டு ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கி ஊற்றிய தொகுதியின் எண்) அடித்த சீட்டு கம்பியில் தொங்கும். மொத்தக் கடையில் கட்டை அவிழ்த்ததும் சீட்டு குப்பைக்குப் போகிறது. இரண்டு நாட்டுப் பொக்ஸ் பார் (சதுரக் குழாய்) ஒரே அடுக்கில் ஏறுகிறது. கல்முனைக் கடைக்கு வரும் 20 அடி நீளத்தில் துருவும் விலையும்தான் மிச்சம். பிறகு எந்த ஆலையிடம் போய்க் கேட்பது? உண்மையான எண் இல்லாவிட்டால் ஒன்றியம் வகுத்த பொது மதிப்புத்தான். அதன்மேல் 2026இல் 10 வீதம், 2027இல் 20, 2028 முதல் 30 வீதம் ஏற்றுவார்கள். சுத்தமான இரும்பு வாங்கியவனுக்கும் அதே தண்டனை.

"50 தொன் விலக்கு இருக்கிறதே" என்றும் சொல்லாதீர்கள். அது ஐரோப்பாவிலுள்ள இறக்குமதியாளரின் வருட மொத்தத்துக்கு. அவர் வேறு நாட்டிலிருந்து 60 தொன் எடுத்திருந்தால் நம்முடைய 2 தொன்னும் வரிக்குள்தான்.

 

கேட்பது இதுதான்: நம் நாட்டுக்கு இரும்பு இறக்குமதி செய்பவர் ஹீட் நம்பர், உலை வகை, சரிபார்க்கப்பட்ட வெளியேற்ற அறிக்கை மூன்றையும் தர வேண்டும். குழாய் உருட்டிய ஆலையின் பெயர் போதாது, உருக்கு ஊற்றிய ஆலை தெரிய வேண்டும். சில்லறைக் கடை வரை ஒவ்வொரு பில்லிலும் ஹீட் நம்பர் எழுதக் கட்டளையிடுங்கள். 2026இல் ஐரோப்பாவில் இறங்கிய சரக்குக்கு 2027 செப்டெம்பர் 30க்குள் அங்குள்ள இறக்குமதியாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன் செய்து தருமாறு பணிவுடன் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை இரும்புப் பட்டறைக்காரர்