நட்சத்திரப் பலகையை எடுத்துவிடுங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் தொடக்கப் பிரிவு ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் நட்சத்திரப் பலகையைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்ற வாரம், வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததற்காக என் மகளின் பெயருக்கு நேரே ஒட்டியிருந்த நட்சத்திரங்கள் எல்லோர் முன்னிலையிலும் பிய்த்தெடுக்கப்பட்டன. அவை புத்தகம் படித்ததற்காகக் கொடுக்கப்பட்டவை. பேசியது தவறென்றால் கண்டித்திருக்கலாம், இடம் மாற்றி உட்கார வைத்திருக்கலாம்; படித்து முடித்த புத்தகங்களைப் படிக்காதவையாக ஆக்கிவிட முடியுமா? என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தப் பலகையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பரிசே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. பல் துலக்க அடம்பிடிக்கும் குழந்தைக்கு, துலக்கி முடித்த கையோடு ஒரு சிறு ஒட்டுப்படம் கொடுத்தால் பழக்கம் தொடங்குவதற்கு அது உதவும். தொடங்கியபின் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். ஆனால் குழந்தை தானாகவே விரும்பிச் செய்யும் ஒன்றுக்கு விலை வைப்பது வேறு. கரும்பு தின்னக் கூலி எதற்கு?

பலகை வருவதற்கு முன் என் மகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். ஒரு படத்தில் நின்றுவிட்டால் பக்கம் திரும்பவே நேரமாகும். இப்போது அலமாரியின் முன் நின்று, புத்தக முதுகுகளின்மேல் விரலை ஓட்டி, இருப்பதிலேயே மெலிந்ததை உருவி எடுக்கிறாள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால், "முடிச்சிட்டேன், கையெழுத்துப் போடுங்க" என்பதே பதில். பிடித்த கதையை மறுபடி படிப்பதில்லை, ஏனென்றால் இரண்டாம் முறைக்கு நட்சத்திரம் கிடையாது. வாசிப்பை வளர்க்க வந்த திட்டம் இது என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

1973-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு தாங்கள் அறியாததாக இருக்காது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. சில நாட்கள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் அப்படிக் குறையவில்லை. 1999-இல் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வும், எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது என்றும், அந்தப் பாதிப்பு கல்லூரி மாணவர்களைவிடக் குழந்தைகளிடம் கூடுதல் என்றும் கண்டது.

இந்தப் பலகை அவ்வளவு நல்லதென்றால் ஆசிரியர் ஓய்வறையிலும் ஒன்றை மாட்டலாமே! விடைத்தாள் திருத்துவதில் பின்தங்கியவர் யார் என்பது வருவோர் போவோருக்கெல்லாம் தெரியும். தேநீர் வேளையில் சத்தமாகச் சிரித்தவரின் நட்சத்திரங்களைப் பிய்த்தும்விடலாம். காய்ச்சலோடு வந்து உட்காரும் குழந்தைக்கு முழு வருகைச் சான்றிதழ் வழங்குவதைப் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. அது தனி மடலுக்குரியது. கடுமை தென்பட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் கட்டி மேய்ப்பதன் சிரமத்தை நான் அறியாதவன் அல்லன்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: பலகையை எடுத்துவிடுங்கள். ஊக்கம் தர வேண்டுமென்றால் அவரவர் குறிப்பேட்டில், மற்றவர் கண்ணில் படாமல் எழுதுங்கள். "கெட்டிக்காரி" என்பதைவிட, "கடினமான சொல்லை விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தாய்" என்ற ஒரு வரி அவளுக்கு எதைத் தொடர வேண்டும் என்பதைச் சொல்லும். பரிசு தந்தே தீர வேண்டுமென்றால், வகுப்புக்கு அடுத்து வாசிக்க வேண்டிய கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தாருங்கள். எதைக் கொடுத்தாலும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காதீர்கள்.

அடுத்த பருவத்திற்கான புதிய பலகைக்கு வண்ணத்தாள் வெட்டும் வேலை தொடங்கிவிட்டதாக மகள் சொன்னாள். அது சுவரேறுவதற்கு முன் நடக்கவிருக்கும் பெற்றோர் கூட்டத்தில் இதற்கென்று சிறிது நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை