நிலவேம்பு சோதனையின் முழுக் கணக்கையும் வெளியிடுங்கள்

மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் டெங்கு வருகிறது, பின்னாலேயே நிலவேம்புக் குடிநீரும் வருகிறது. 2012-இல் டெங்கு பரவியதிலிருந்து இதுதான் வழக்கம். 2020-இல் கபசுரக் குடிநீரும் சேர்ந்துகொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், பள்ளி வாசலில், கட்சிக்காரர்கள் போடும் பந்தலில் என்று அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். சரி, கொடுக்கட்டும். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்திருக்கிறேன். மூலிகைச் சாறுகளை வைரஸ் மீது சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் எனக்கு வேலை. 'வைரஸைக் கட்டுப்படுத்தியது, ஆய்வில் உறுதி' என்று வருகிற செய்திகளைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த உறுதி எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களைக் குழிகளில் வளர்த்து, வைரஸையும் சாற்றையும் விடுகிறோம். சில நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயம். செல் பிழைத்திருந்தால் சாயம் ஊதாவாகும். ஊதா அடர்ந்திருந்தால் மருந்து ஜெயித்துவிட்டது என்று கை பரபரக்கும். ஆனால் பல மூலிகைச் சாறுகள் செல்லே இல்லாத குழியில்கூட அந்தச் சாயத்தைத் தாமே ஊதாவாக்கிவிடும்! சாறும் சாயமும் மட்டும் விட்ட வெறுங்குழியை ஓரமாக வைத்திருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சாற்றை அதிகம் விட்டால் செல்லே செத்துப்போகும். செத்த செல்லில் வைரஸ் பெருகாது. அறிக்கையில் 'வைரஸ் குறைந்தது' என்று வரும், பொய்யும் இல்லை. அதனால்தான் செல்களில் பாதியைக் கொல்லும் அளவையும், வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவையும் சேர்த்தே கேட்கிறோம். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால்தான் மேலே போகலாம். செய்தியாளர் கூட்டத்தில் இரண்டாவதை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

எந்தச் செல்லில் பார்த்தோம் என்பதும் முக்கியம். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் வீரோ செல்லில் கொரோனாவைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்லில் தடுக்கவில்லை. அப்புறம், மக்கள் குடிப்பது தண்ணீரில் காய்ச்சிய கஷாயம். ஆய்வுக் கட்டுரைகளில் பல, மெத்தனால் என்ற சாராய வகையில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சோதிக்கின்றன. நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒன்றைச் சோதித்துவிட்டு இன்னொன்றைக் கொடுக்கிறோம்.

கீழாநெல்லியின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களில் 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (உடலில் வைரஸ் இருப்பதைக் காட்டும் புரதம்) ரத்தத்தில் காணாமல் போனது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு நியூசிலாந்து உட்பட வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, பறித்த பருவம் வேறா, நோயாளிகள் வேறா, முதல் முடிவே தற்செயலா? இன்றுவரை வாதம் ஓயவில்லை. தென்னிந்தியக் கடைச்சரக்கை மரபணு வைத்துப் பார்த்தபோது கீழாநெல்லியோடு அதன் உறவுச் செடிகளும் கலந்திருந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சென்னையில் நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த ராசப்ப செட்டித் தெருவில் உலர்ந்த சருகாகக் கட்டிக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம்.

2021-இல் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதியபோது, செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை, வேறு சீந்திலாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். நியாயமான கேள்விதான். ஆனால் கபசுரக் குடிநீரிலும் சீந்தில் இருக்கிறது. நம் அண்டாவுக்குள் போன சீந்தில் எது என்று கேட்டால் காட்ட நம்மிடம் மாதிரி இருக்கிறதா? பெல்ஜியத்தில் 1990-களில் எடை குறைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடி ஒன்று சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. பழைய மருந்து, பாட்டி காலத்து மருந்து என்ற நம்பிக்கை ஆள்மாறாட்டத்தைத் தடுக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். விநியோகத்துக்கு வாங்கும் ஒவ்வொரு தொகுதிச் சரக்கிலும் ஒரு பிடி எடுத்து எண் போட்டு வையுங்கள். மூலிகைச் சரக்கில் கலந்திருக்கக்கூடிய ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் போன்ற நச்சுகளின் அளவுகளை அந்த எண்ணோடு இணையதளத்தில் போடுங்கள். அதே தொகுதியைத் தண்ணீரில் காய்ச்சி, வெறுங்குழிக் கணக்கோடு சோதித்து, பலன் தெரியாவிட்டாலும் வெளியிடுங்கள். வெளியே வராத தோல்வியை அடுத்த ஆய்வுக்கூடம் மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. பக்கவிளைவைப் பதிவு செய்ய 2018 முதல் ஆயுஷ் திட்டம் இருக்கிறது; ஆனால் அண்டா பக்கத்தில் நின்று ஊற்றிக் கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டுமே. கண் மஞ்சளானால் யாரிடம் சொல்வது என்று ஒரு தொலைபேசி எண்ணை அங்கேயே எழுதி ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம். புதிய ஆய்வுக்கூடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செல் வளர்ப்புக்கூட ஊழியர் ஒருவர்,
சென்னை