அக்காவுக்கு, அந்த மீன்குழம்புப் பாட்டு விஷயமாக

அக்கா,

தெவசத்தன்று நீ வீடியோவை ஓடவிட்டதும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன் அல்லவா, அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் சித்தப்பா. கேட்கிறேன். ஏன் போனேன் என்பதையும் சேர்த்துத்தான் கேட்பேன்.

அம்மாவின் படங்களுக்குப் பின்னால் 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' பாட்டு. கீழே 'அம்மாவின் உயிர்ப்பாட்டு' என்று எழுத்து வேறு. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய்?

2023 பிப்ரவரி 4. வாணி ஜெயராம் இறந்துவிட்டார் என்று செய்தி. எந்த சேனலைத் திருப்பினாலும் மல்லிகைதான், இல்லாவிட்டால் தேசிய விருது வாங்கிய 'ஏழு ஸ்வரங்களுக்குள்'. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உப்பில்லாத கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அந்த மீன்குழம்புப் பாட்டை ஒருத்தனும் போட மாட்டேங்கிறானே" என்றாள். எனக்குப் பிடிபடவில்லை. "அதான்டி, ஃபடாபட் சாப்பாட்டுக்கு அலைவாளே!"

அட, 'முள்ளும் மலரும்' படத்தில் நடித்த ஃபடாபட் ஜெயலட்சுமியைச் சொல்கிறாள். போனில் தேடி 'நித்தம் நித்தம் நெல்லுச்சோறு' போட்டேன். சோறு, கத்தரிக்காய், முந்தின நாள் மீன்குழம்பு என்று வரிசையாக வர வர, அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள் பார், புரையேறி தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. நாக்கில் எச்சில் ஊற ஊறப் பாடியிருப்பார் வாணியம்மா. மல்லிகையில் குழைந்த குரல்தானா இது என்று இருக்கும். அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் என்ன சாப்பிட்டாள் என்பதை இங்கே எழுத மாட்டேன், டாக்டர் தம்பி படிப்பான்.

இதெல்லாம் உனக்குத் தெரிய வழியில்லை. நீ மஸ்கட்டில் இருந்தாய். குத்திக்காட்டவில்லை. டயாலிசிஸுக்கு மாதாமாதம் நீ அனுப்பிய பணம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் சிலருக்கும் தெரியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். அதற்காக, பணம் அனுப்பியவர்கள்தான் அம்மாவுக்குப் பிடித்த பாட்டையும் தீர்மானிக்க வேண்டுமா?

மல்லிகைப் பாட்டு இருக்கிற 'தீர்க்க சுமங்கலி' படம் வந்த 1974இல் நான் பிறக்கவேயில்லை. இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் கேட்டபடி அம்மா உனக்கு இரட்டைச் சடை பின்னுவாளாம். மல்லிகைப் பாட்டு வந்துவிட்டால் கை அப்படியே நின்றுவிடுமாம். ஒரு சடை பின்னியும் ஒரு சடை பின்னாமலும் உட்கார்ந்துகொண்டு, ஸ்கூல் பெல் அடித்துவிடும் என்று நீ கத்துவாயாம். நீ சொல்லித்தான் தெரியும். பாட்டுக்காக வேலையை நிறுத்துகிற அம்மாவை நான் பார்த்ததே இல்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது அவள் எதையும் நிறுத்துகிற நிலையில் இல்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது, போ.

வீடியோவை அழிக்காதே. நன்றாகத்தான் செய்திருக்கிறாய், அந்தக் கோயில் படம் எங்கே கிடைத்தது உனக்கு? 'உயிர்ப்பாட்டு' என்ற எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, மல்லிகை முடிந்ததும் நெல்லுச்சோறையும் சேர்த்து அனுப்பு. எம்.எஸ்.வி. ஒன்று, இளையராஜா ஒன்று, இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். தெவசத்துக்கு இப்படி ஒரு பாட்டா என்று சித்தப்பா கேட்டால் என்னைக் கை காட்டு.

வளையல் விஷயத்தைப் போனில் பேசிக்கொள்ளலாம். இங்கே வேண்டாம்.