டேப் மாறினால் எழுதியது போய்விடுவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போனில் ஒரு செயலியைத் திறந்தால் கீழே வரிசையாக நாலைந்து பொத்தான் இருக்கும், முகப்பு, விண்ணப்பம், ஆவணங்கள், என் கணக்கு என்று. அந்த டேப்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதையெல்லாம் நாளிதழில் எழுத வேண்டுமா என்று தோன்றலாம். ஏற்காட்டில் சிறு காபி விவசாயிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் போனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் எனக்கு இது அன்றாடம் வந்து நிற்கும் பிரச்சினை.

விவசாயிகளுக்கான ஒரு செயலி, பெயர் வேண்டாம். விண்ணப்பம் நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேட்கும். அந்த எண்கள் இருக்கும் பட்டாவை அதே செயலியின் ஆவணங்கள் டேப்பில்தான் ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்போம். சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று அங்கே போய் எண்ணைக் குறித்துக்கொண்டு விண்ணப்ப டேப்புக்குத் திரும்பினால், முதல் பக்கம் காலியாக வந்து நிற்கிறது. பெயர், தகப்பனார் பெயர், கிராமம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. "தம்பி, இப்பத்தானே எல்லாம் சொன்னேன், திரும்பவும் கேக்குறியே?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றுதான் அவர் நினைக்கிறார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சேலம் டவுனில் நல்ல சிக்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு இது கொஞ்ச நேர எரிச்சலோடு போய்விடும். மலையில் ஒரு திருப்பம் தாண்டினால் சிக்னல் விழுந்துவிடுகிறது. முதல் பக்கத்துக்கு வந்தாலே மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒவ்வொரு பட்டியலும் திரும்ப இறங்க வேண்டும், பாதியில் நின்றால் அதுவும் இல்லை. இதற்காகவே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கீழே இறங்கிப் போய் விண்ணப்பம் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது போனின் குறை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐபோனில் வழக்கமான டேப் அமைப்பு என்றால் ஒவ்வொரு டேப்பும் தான் திறந்த பக்கங்களைத் தனித்தனி அடுக்காக வைத்துக்கொள்ளும், வேறு டேப் போய்த் திரும்பினால் விட்ட இடத்திலேயே இருப்போம். முதல் பக்கத்துக்குப் போக வேண்டுமா, நிற்கிற டேப்பையே இன்னொரு தட்டு தட்டினால் போதும். ஆண்ட்ராய்டில் நிலைமை வேறாக இருந்தது. 2016-இல், செயலி எப்படி இருக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியில் இந்த டேப்கள் இருக்கும் கீழ்ப் பட்டை சேர்ந்தபோது, டேப்பைத் தொட்டால் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும், முன்பு செய்துகொண்டிருந்தது கலைந்துவிட வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. இன்றும் பல செயலிகள் அப்படி நடப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஆண்ட்ராய்டு செயலியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போவதற்கு கூகுள் தரும் ஜெட்பேக் நேவிகேஷன் என்ற கருவியில், 2022 ஜனவரியில் வந்த 2.4.0 பதிப்பிலேயே ஒவ்வொரு டேப்பின் அடுக்கையும் சேமித்து மீட்கும் வசதி வந்துவிட்டது. ஃபிளட்டர் என்ற செயலி செய்யும் கருவியில் செய்கிறவர்களுக்கு, எல்லா டேப்பின் ஸ்கிரீனையும் கலையாமல் வைத்திருக்கும் இண்டெக்ஸ்டு ஸ்டாக் இருக்கிறது, அதை விட்டுவிட்டு டேப்புக்கு ஏற்ப ஸ்கிரீனை மட்டும் மாற்றி மாற்றி வைத்தால் பழைய ஸ்கிரீன் தூக்கி எறியப்படும், எழுதியதும் அதோடு போகும். ரியாக்ட் நேட்டிவ் என்ற இன்னொரு கருவியில் செய்கிறவர்கள் பக்கம் மாற்றப் பயன்படுத்தும் ரியாக்ட் நேவிகேஷனில் டேப் மாறினாலும் பழையது அப்படியே நிற்பதுதான் இயல்பு. அதில் செய்த செயலியில் கலைகிறது என்றால் யாரோ அப்படி ஆகும்படி எழுதியிருக்கிறார்கள்.

தொடக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டால்தான் வயதானவர்கள் குழம்ப மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது நடுப்பக்கம் ஒன்று எதிரே வந்தால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அதற்கு, பக்கத்தின் மேல் பகுதியில் பெரிதாக ஒரு பின் அம்புக்குறி வையுங்கள், "பாதியில் நிற்கும் விண்ணப்பம் இருக்கிறது, தொடரலாமா?" என்று தமிழில் கேளுங்கள். எழுதியதை அழிப்பது அதற்கு வழி ஆகாது.

கலைக்க வேண்டிய இடமும் இருக்கிறது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபின், பணம் கட்டி முடித்தபின் அந்த டேப் முதல் பக்கத்துக்கு வரட்டும். கணக்கை விட்டு வெளியேறினால் எல்லா டேப்பும் சுத்தமாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு போன், சில சமயம் பக்கத்து வீட்டுக்கும் அதே போன்தான். ஒருவருடைய ஆதார் எண் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. டேப்பை மட்டும் சரி செய்தால் பாதிதான் தீரும். விலை குறைந்த போனில் நினைவகம் போதாமல், வாட்ஸ்அப்பில் மகன் அனுப்பிய பாஸ்புக் படத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஆண்ட்ராய்டே செயலியை மூடிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுதியது போனிலேயே வரைவாகச் சேமிக்கப்பட வேண்டும், சிக்னல் இல்லாவிட்டாலும்.

செயலி செய்யச் சொல்லிப் பணம் கொடுக்கும் துறைகளும் நிறுவனங்களும் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். செய்து கொடுக்கிறவர்கள், சேலம் ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பூங்காவில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், வெளியிடும் முன் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு வாருங்கள். மூன்றாம் பக்கம் வரை நிரப்பி, டேப் மாறி, வாட்ஸ்அப் போய், சிக்னல் போய், திரும்பி வந்து பாருங்கள். இங்கே விண்ணப்பம் போட வருகிறவர்களையே பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.