விதை என்ற பேச்சு

பண்டாரவளை

அன்பின் நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. கொழுந்து தள்ளிக்கொண்டு நிற்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. பேத்தி ஸ்கொலர்ஷிப் பாஸ்.

பிள்ளை இல்லையென்று மருமகளை மூன்றாவது டொக்டரிடமும் காட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். "விதையில் குறையில்லை, மண்தான்" என்று தங்கச்சி சொன்னதைப் படித்து மனசு தாங்கவில்லை. மகனை ஒரு தடவையாவது கூட்டிப்போனீர்களா?

அந்த விதைப் பேச்சு உலகம் முழுக்க இருந்ததுதான். விந்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'செமென்' லத்தீன் சொல், அர்த்தமே விதை. நம்முடைய 'விந்து' வடமொழி பிந்து, வெறும் துளி. அதன் இன்னொரு பெயரான சுக்கிலம் என்றால் வெண்மை. கண்ணால் கண்டதை மட்டும் சொன்ன இந்தப் பெயர்கள்தான் எனக்கு நேர்மையாகப் படுகின்றன.

நாம் இருவரும் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் கிடந்தவர்கள். தேயிலை விதையை உடைத்தால் உள்ளே கன்றின் கரு இருக்கும். மகரந்தமும் சூலும் சேர்ந்த பிறகு உண்டானது அது. விந்தணு அப்படியா? பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் குரோமோசோம் அதில் 23தான், மற்ற 23 தாயின் முட்டையில். மகரந்தத்தோடுதான் அதை ஒப்பிடலாம். லீவன்ஹூக் என்ற ஒல்லாந்துக்காரர் 1677இல் மைக்ரோஸ்கோப்பில் விந்தணுவைப் பார்த்துவிட்டார். பாலூட்டிகளின் முட்டையை பேயர் என்ற விஞ்ஞானி கண்டது 1827இல். தாயின் பங்கு கண்ணுக்குத் தெரிய அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நாம் இன்னும் மண் என்கிறோம்.

"அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை" என்கிறாய். பார்வைக்குத் தெரியாதப்பா. விந்தில் அணுவின் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவுதான். மிச்சமெல்லாம் விந்துப்பையிலிருந்தும் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வரும் நீர். அணு நீந்துவதற்குச் சர்க்கரைகூட அதில் உண்டு. கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்ட ஆணுக்கும் பார்க்க அப்படியேதான் இருக்கும், அணு மட்டும் இராது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. அவன் கொழும்பில் பேக்கரி அடுப்படியில் நிற்கிறவன். அணு நன்றாக உண்டாக, விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 பாகை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த வேலையை டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஓர் அணு உருவாகி முதிர இரண்டரை மாதமளவு ஆகும், அதனால் முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றாலும் பயந்துவிடாதே. சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

உன்னோடு போக அவனுக்கு வெட்கமாக இருக்கும். அடுத்த லீவுக்கு உடரட்ட மெனிக்கே ரயிலில் இங்கே வரச் சொல். பதுளையில் டொக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். அதுவரைக்கும் மருமகளை எந்த டொக்டரிடமும் இழுக்காதே.

உன் பழைய கூட்டாளி